சாம்பல்தீவு வளவுக்கு லப்ரடோரா, அல்சேஷனா?

திருகோணமலையில் இருந்து நிலாவெளி வீதியால் வடக்கே போனால், உப்புவெளி தாண்டி வருவது சாம்பல்தீவு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, இடையில் மணல் தரை. இங்கே ஒரு குடும்பம் சாதி நாய் வாங்குவது பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். வளவுக்குக் காவல் வேண்டும் என்பவர்கள் அல்சேஷன் என்பார்கள். பிள்ளைகளோடு விளையாட வேண்டும் என்பவர்கள் லப்ரடோர் என்பார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சின்னப் பிள்ளைகளும் வயது போனவர்களும் ஒன்றாக இருக்கிற, ஆட்கள் வந்து போகிற கடலோர வீட்டுக்கு லப்ரடோரே பொருந்தும். ஆனால் அதன் வாயைக் கட்டத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். அல்சேஷன் வேறு ரக வீட்டுக்கான நாய். எந்த இனமும் எந்த வேலைக்காக உருவாக்கப்பட்டதோ, அந்த வேலையை உடம்பிலும் குணத்திலும் சுமந்துகொண்டுதான் நம் படலைக்குள் வருகிறது.

லப்ரடோரின் மூதாதைகள் மீனவர் நாய்கள். கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள நியூபவுண்ட்லாந்துத் தீவில், உறையும் குளிர்க் கடலில், தூண்டிலில் இருந்து நழுவிய மீனைப் பாய்ந்து பிடிப்பதும் வலைக் கயிற்றை வாயில் கவ்விக் கரைக்கு இழுத்து வருவதும் அவற்றின் வேலை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன் ஏற்றிய கப்பல்களோடு அவை இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வந்தன. மாம்ஸ்பரி, பக்லூ ஆகிய பிரபுக் குடும்பங்கள் அவற்றை வேட்டையில் சுட்டு விழுத்திய பறவைகளை எடுத்து வரப் பழக்கி, இனத்தைப் பேணின. 1903இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. கரைவலை இழுக்கும் ஊருக்கு இந்த நாயின் உடம்பை விளக்க அதிகம் சொல்லத் தேவையில்லை. விரல்களுக்கு இடையே நன்கு தெரியும் சவ்வு, சுக்கான் வேலை செய்யும் தடித்த வால், தண்ணீர் தோலைத் தொடாமல் தடுக்கிற எண்ணெய்ப் பசையுள்ள அடிமயிர். பறவையை நசுக்காமல் கொண்டுவரத் தெரிந்த வாய் என்பதால், வீட்டில் செருப்பையும் பிள்ளையின் பந்தையும் அதே பதத்தில் கவ்வித் திரியும்.

அல்சேஷன் பிறந்த கதை தரையில் நடந்தது. மாக்ஸ் ஃபொன் ஸ்டெஃபானிட்ஸ் என்ற முன்னாள் ஜேர்மன் குதிரைப்படைக் கப்டன், 1899 ஏப்ரலில் கார்ல்ஸ்ரூ நகரில் நடந்த கண்காட்சி ஒன்றில் ஒரு மேய்ப்பு நாயைக் கண்டு வாங்கி, அதற்கு ஹோராண்ட் என்று பெயர் வைத்தார். அதே மாதத்தில் இந்த இனத்துக்கான சங்கத்தையும் தொடங்கினார். வேலியில்லாத வயல்களுக்கு நடுவே ஆட்டு மந்தை மேயும்போது, மந்தைக்கும் பயிருக்கும் இடையே நாள் முழுக்க ஓடி எல்லை காப்பதுதான் அந்த நாய்களின் தொழில். மேய்ப்பன் தூரத்தில் நிற்பான். எந்த ஆடு எல்லை தாண்டப் போகிறது என்பதை நாயே பார்த்து முடிவெடுக்க வேண்டும். மேய்ச்சல் தொழில் சுருங்கியபோது ஸ்டெஃபானிட்ஸ் அவற்றைப் பொலிஸ் வேலைக்கும் படை வேலைக்கும் திருப்பினார். முதலாம் உலகப் போருக்குப் பிறகு ஜேர்மன் என்ற சொல்லே பிரித்தானியருக்குக் கசந்ததால் அவர்கள் வைத்த பெயர் அல்சேஷன். 1977இல் அங்கே ஜேர்மன் ஷெப்பர்ட் என்ற பெயர் திரும்பி வந்துவிட்டது. நம் ஊரில் பழைய பெயரே இன்னும் புழங்குகிறது.

இந்த இரண்டு வரலாறுகளும் படலையடியில் தெளிவாகத் தெரியும். மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டியோடு வியாபாரி வந்து ஹோர்ன் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லப்ரடோர் இரண்டு தரம் குரைக்கும். பிறகு உடம்பு முழுக்க ஆட வாலை ஆட்டிக்கொண்டு பெட்டியை மோந்து பார்க்கும். அல்சேஷன் வீட்டாருக்கும் வந்தவருக்கும் நடுவே போய் நிற்கும். காது நிமிர்ந்திருக்கும், வால் அசையாது, கண் ஒருமுறை வியாபாரியைப் பார்க்கும், ஒருமுறை எசமானைப் பார்க்கும். "சரி, விடு" என்று எசமான் சொன்னதும் விலகினால் அது நன்கு வளர்க்கப்பட்ட அல்சேஷன். அந்தச் சொல்லைப் பழக்காத வீட்டில் அந்த முடிவையும் நாயே எடுக்கும். கடிக்கு இடமாவது அங்கேதான்.

கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்களின் கதையும் இதே வித்தியாசத்தைத்தான் காட்டுகிறது. 1916இல் ஜேர்மனியின் ஓல்டன்பேர்க்கில், போரில் பார்வை இழந்த சிப்பாய்களுக்காக முதல் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது அங்கே பழக்கப்பட்டவை ஷெப்பர்ட் நாய்கள். இன்றோ உலகின் பெரும்பாலான வழிகாட்டிப் பள்ளிகளில் லப்ரடோரும் அதன் கலப்பும்தான் முன்னுக்கு நிற்கின்றன. வழிகாட்டி நாய் ஒன்று குட்டியாக ஒரு வீட்டில் வளர்ந்து, பயிற்சியாளர் கைக்கு மாறி, கடைசியில் இன்னொருவரிடம் போகிறது. இப்படிக் கை மாறுவதை லப்ரடோர் இலகுவாகத் தாங்கும். அல்சேஷன் ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டால் அந்த ஆளோடுதான். தகப்பன் வெளிநாட்டிலும், மூத்தவன் கொழும்பில் வேலையிலும், நாயை அம்மம்மா பார்க்க வேண்டிய நிலையிலும் உள்ள வீடுகள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். முப்பது நாற்பது கிலோ எடையுள்ள ஆண் அல்சேஷன் கயிற்றை இழுத்தால் அம்மம்மாவால் நிற்க முடியாது. லப்ரடோரின் எடையும் அதற்குக் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் ஒரு துண்டு கருவாட்டைக் காட்டினால் இழுப்பதை நிறுத்திவிடும்.

வெயிலைப் பொறுத்தவரை இரண்டுமே இந்த ஊருக்கு அந்நியம். இரண்டுக்கும் இரட்டை மயிர். வெளியே முரட்டு மயிர், உள்ளே பஞ்சு போன்ற அடிமயிர். நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. நாக்கை நீட்டி இளைத்து, வாயிலும் மூச்சுக் குழாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் மணல் கொதிக்கும். மழைக்கு முந்திய புழுக்கத்திலோ காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால், இளைத்தும் சூடு இறங்காது. நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ் அளவு. அது 41ஐத் தாண்டினால் உயிராபத்து. நாய் தள்ளாடி, எச்சில் தடித்து ஒழுகி, நாக்கு கடும் சிவப்பானால் முதலில் நிழலுக்கு இழுத்துக் கிணற்றுத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றுங்கள், விசிறுங்கள். அதன் பிறகு ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். வெயிலுக்கென்று மயிரை ஒட்ட மழிப்பது கூடாது. தோல் வெயிலில் வெந்துபோகும். திரும்ப முளைக்கும் மயிரும் பழையபடி வராது. நாள்தோறும் வாரி, உதிர்ந்த அடிமயிரை எடுத்துவிடுவதே வழி. இரண்டு இனமுமே மயிர் கொட்டுவதில் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல.

அல்சேஷனை வாங்கிப் பகலெல்லாம் தகரக் கூரைக்குக் கீழே சங்கிலியில் கட்டிவைத்து இரவில் அவிழ்த்துவிடுகிற வழக்கத்தை நான் வெறுக்கிறேன். நாள் முழுக்க ஓடவும் முடிவெடுக்கவும் படைக்கப்பட்ட மிருகம் அது. ஆறடிச் சங்கிலியில் அதன் மூளைக்கு வேலையே இல்லை. பிறகு அது வட்டமடிக்கும், தன் வாலைத் தானே கடிக்கும், படலைக்கு வெளியே போகும் சைக்கிள், பிள்ளை, ஆடு எல்லாவற்றுக்கும் வெறிகொண்டு குரைக்கும். "கடுமையான காவல் நாய்" என்று வீட்டார் பெருமைப்படுவது அந்த மிருகத்தின் வேதனையை. காலையும் மாலையும் அதனோடு நடந்து, ஒளித்துவைத்த பொருளைத் தேடவும், சொன்ன சொல்லுக்கு இருக்கவும் நிற்கவும் பழக்க ஒருவருக்கு நேரமிருந்தால், அல்சேஷனைப் போல் விசுவாசமான, கூர்மையான நாய் கிடைப்பது அரிது. அந்த ஒருவர் இல்லாத வீட்டில் அதை வாங்கவே கூடாது. லப்ரடோருக்கும் ஓட்டம் வேண்டும்தான். அதற்குக் கடற்கரையும் ஒரு பந்தும் போதும்.

லப்ரடோரின் ஆபத்து அதன் வயிறு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் அதற்குக் காரணம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பசி அடங்கியதை மூளைக்குச் சொல்லும் பிஓஎம்சி (POMC) என்ற மரபணுவின் ஒரு துண்டு, ஏறக்குறைய நான்கில் ஒரு லப்ரடோரில் இல்லை. அந்த நாய்கள் சாப்பாட்டின் மேல் கூடுதல் ஆசை கொண்டவை, எடையும் கூடியவை. அதே குழு 2024இல் காட்டியது இன்னும் இரக்கத்துக்குரியது: இந்தக் குறை உள்ள நாய்கள் ஓய்வாக இருக்கும்போது செலவழிக்கும் சக்தியும் மற்றவற்றைவிடக் கால்வாசி குறைவு. பசி கூட, செலவு குறைவு. வழிகாட்டி நாய் போன்ற உதவி நாய்களில் இந்தக் குறை மிக அதிகமாக இருக்கிறது. தீனிக்காக எதையும் கற்றுக்கொள்ளும் நாயைத் தெரிவு செய்து வந்ததன் விளைவாக இருக்கலாம்.

எனவே லப்ரடோர் பார்க்கும் பார்வைக்கு மனமிளகிப் பாத்திரத்தை நிரப்புவது பாசமல்ல. 48 லப்ரடோர்களைக் குட்டியிலிருந்து வாழ்நாள் முழுதும் கவனித்து 2002இல் வெளியான ஓர் ஆய்வில், சோடிக் குட்டிகளில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவற்றின் நடு ஆயுள் 13 வருடம், மற்றவை 11.2 வருடம். மூட்டு வாதமும் அவற்றுக்குப் பிந்தித்தான் வந்தது. விலாவில் கையை வைத்தால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. அதுதான் அளவு. எஞ்சிய கறிச்சோற்றைக் கொட்டுவதையும் நிறுத்த வேண்டும். குழம்பில் உள்ள வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும். உப்பும் தூளும் போடாமல் அவித்த மீனும் சோறும் கொடுக்கலாம், முள்ளை எடுத்துவிட்டு. இரண்டு இனமும் இடுப்பு மூட்டுப் பிசகுக்குப் பேர்போனவை என்பதால், எலும்பு பலப்படட்டும் என்று குட்டிக்குக் கல்சியம் பாணி பருக்குகிறவர்கள் உண்டு. சரியான குட்டித் தீனி சாப்பிடும் பெரிய இனக் குட்டிக்கு அது உதவாது, கேடுதான் செய்யும். கூடுதல் கல்சியம் எலும்பு வளர்ச்சியையே கோணலாக்கும்.

கடற்கரையில் ஒரு விடயத்தை விசேஷமாகக் கவனிக்க வேண்டும். கரைவலையில் ஏறும் பேத்தை மீனைத் தொழிலாளர்கள் பிரித்து மணலில் எறிந்துவிடுவார்கள். முட்கள் குத்திட்டு, வெயிலில் காய்ந்து பந்துபோல் கிடக்கும். அதன் ஈரலிலும் முட்டைப்பையிலும் தோலிலும் உள்ள நஞ்சு நரம்பை முடக்கி மூச்சை நிறுத்தக் கூடியது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. ஊர் நாய்கள் பெரும்பாலும் மோந்துவிட்டு விலகிப் போகும். லப்ரடோர் முதலில் விழுங்கிவிட்டுப் பிறகுதான் மோந்து பார்க்கும். "போடு" என்றதும் வாயில் உள்ளதைக் கீழே போடப் பழக்காத லப்ரடோரைக் கயிறில்லாமல் கடற்கரைக்குக் கொண்டுபோகாதீர்கள். குளித்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, தொங்கும் காதைத் தூக்கித் துடைத்துவிடுங்கள். மண்ணிறக் குறும்பியும் புளித்த வாடையும் இருந்தால் காதில் நோய் தொடங்கிவிட்டது.

உண்ணிக்கு இரண்டு இனமும் ஒன்றுதான். விரல் இடுக்கு, காதுமடலின் உட்பக்கம், கழுத்துப் பட்டியின் கீழ் ஆகிய இடங்களைத் தினமும் தடவிப் பார்க்க வேண்டும். அல்சேஷனின் தடித்த மயிருக்குள் உண்ணி ஒளிந்திருந்தால் கண் காணாது, கைதான் காணும். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சாப்பாட்டை மறுக்கும், முரசு வெளிறும். லப்ரடோர் ஒரு வேளை சாப்பாட்டை மறுத்தாலே வைத்தியரிடம் போவதற்கு அது போதிய காரணம். மணல் வளவில் வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளுக்காகப் புழு மருந்தையும் தவறவிடக் கூடாது. நாயிலிருந்து மனிதருக்கும் தொற்றும் கொழுக்கிப் புழு ஒன்றின் விஞ்ஞானப் பெயரிலேயே சிலோன் இருக்கிறது. 1911இல் அது முதன்முதலாக விவரிக்கப்பட்டது இந்தத் தீவில் எடுத்த மாதிரியைக் கொண்டுதான்.

இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு மூன்றாவது ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. படலைக்கு வெளியே படுத்திருக்கும் ஊர் நாய்க்கு ஒற்றை மயிர், மெலிந்த உடம்பு, நிமிர்ந்த காது. இந்த வெயிலில் தலைமுறை தலைமுறையாகத் தேறி வந்தது. வெறும் காவல் மட்டும்தான் தேவை என்றால் குட்டியிலேயே எடுத்து வளர்த்த ஊர் நாய்க்கு அல்சேஷன் ஒன்றும் மேல் இல்லை. ஒரு குட்டி வீடு பெற்றால் வீதியில் கட்டாக்காலி ஒன்று குறையும்.

எந்தக் குட்டியானாலும் தாயைப் பார்த்து வாங்குங்கள். தாய் கண்டவரைக் கண்டு பதுங்கினாலோ பாய்ந்தாலோ குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அல்சேஷன் தாயின் முதுகு பின்பக்கம் சரிந்து, நடக்கும்போது பின்கால் தள்ளாடினாலும் அப்படியே. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. ஸ்கொட், ஃபுல்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1965இல் வெளியிட்ட நூலில் காட்டியபடி, மூன்று முதல் பன்னிரண்டு வாரம் வரையான காலத்தில் பழகியவற்றைத்தான் நாய் பிறகு பயமில்லாமல் ஏற்கும். வீட்டுக்கு வந்ததும் எஞ்சியிருப்பது சில வாரங்கள்தான். தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியைத் தரையில் விடாமல் தூக்கிக்கொண்டே பஸ் சத்தம், கோயில் மேளம், அலை, குடை பிடித்தவர், சைக்கிள், அழும் குழந்தை எல்லாவற்றையும் காட்டுங்கள். அல்சேஷன் குட்டிக்கு இது இரட்டிப்பாக வேண்டும். விசர்நாய்த் தடுப்பூசியை அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது. வருடந்தோறும் போட்டு அட்டையைப் பத்திரப்படுத்துங்கள், பிரதேச சபையிலும் நாயைப் பதிந்துவிடுங்கள். யாரையாவது நாய் கடித்தால், அது உங்கள் சொந்தக் குட்டியே ஆனாலும், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு.