பழுது தெரிந்த வண்டியை வாங்கலாமா?

ஞாயிறு காலையில் நமது சங்க நூலகத்திற்கு வருவோரில் பாதிப்பேர் பத்திரிகை படிக்க வருகிறார்கள். மறு பாதிப்பேர் பேச வருகிறார்கள். இரண்டாம் வகையினரால்தான் இக்கட்டுரை பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

சில மாதங்களுக்கு முன், இங்கே நாகபுரி அஜ்னியில் நெடுங்காலம் கார்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நம்மருகே வந்தமர்ந்தார். அவருடைய மகன் அமெரிக்காவில் உத்தியோகத்திலிருக்கிறான். "தம்பி, பையன் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கப் போகிறானாம். அந்த எஞ்சினில் பிறவிக் கோளாறு ஒன்று உண்டென்று அவனே சொல்கிறான். தெரிந்தும் வாங்குவேன் என்கிறான். முட்டுகிற மாடு என்று தெரிந்த பிறகு எவனாவது கயிற்றைக் கையில் வாங்குவானா? நீங்கள் கொஞ்சம் விசாரித்து அவனிடம் பேச வேண்டும்" என்றார்.

நாமோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி ரயில்வே ஆபீசில் கணக்கெழுதி வருகிறோம். ஸ்போர்ட்ஸ் காரைச் சினிமாவில் கண்டதுதான் அதிகம். ஆயினும் பெரியவர் சொல்லைத் தட்ட மனம் வரவில்லை. ஒர்க்ஷாப் நண்பர்களைக் கேட்டும், கிடைத்தவற்றைப் படித்தும், அப்பிள்ளையோடு தொலைபேசியில் பேசியும் அறிந்தவற்றை இங்கு எழுதுகிறோம். கார் வாங்கும் எண்ணமே இல்லாத குடும்பங்களுக்கும் இதில் பயன்படும் கணக்கு ஒன்று உண்டு.

அவன் கண் வைத்த வண்டி, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்துப் போர்ஷே நிறுவனத்தின் பாக்ஸ்டர். 1990-களின் தொடக்கத்தில் விற்பனை சரிந்து தத்தளித்த அந்நிறுவனம், செலவைக் குறைக்கும் பொருட்டு, 1996-இல் வெளிவந்த பாக்ஸ்டருக்கும் 1997-இல் வெளிவந்த புதிய 911 வண்டிக்கும் பல பாகங்களைப் பொதுவாக அமைத்தது. தண்ணீரால் குளிரும் ஆறு சிலிண்டர் எஞ்சின் இரண்டிற்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. நிறுவனத்தை மீண்டும் நிமிர்த்தியவை அவ்வண்டிகளே. ஆனால் அந்த எஞ்சினின் உள்ளேதான் குறையும் குடிகொண்டிருந்தது.

கிராங்குத் தண்டின் சுழற்சியைச் சங்கிலியின் மூலம் வாங்கி, வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுகளுக்கு மேலும் சங்கிலிகளால் அனுப்பி வைக்கும் இடைத்தண்டு ஒன்று அதில் உண்டு. அத்தண்டின் ஒரு முனையைத் தாங்குவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பால் பேரிங். கிரீஸ் அடைத்து மூடி போட்டு வைத்தது அது. ஆண்டுகள் செல்லச் செல்ல எஞ்சின் எண்ணெய் மூடியைக் கடந்து உள்ளே கசிந்து, கிரீஸைக் கழுவி விடுகிறது. அங்ஙனம் புகுந்த எண்ணெயோ, வெளியே எண்ணெய் மாற்றும்போது மாறுவதில்லை. நாளடைவில் குண்டுகள் தேய்ந்து பேரிங் உடைந்தால் தண்டு தள்ளாடும். சங்கிலியின் ஒழுங்கு குலையும். வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதும். பிறகு அந்த எஞ்சினைப் பழைய இரும்புக் கடைக்காரர்தான் வாங்குவார்.

ரயில்வேக் குடும்பத்தாருக்கு இது புதிய கதையன்று. 'ஹாட் ஆக்சில்' என்றால் என்னவென்று நமது குடியிருப்பில் சிறுவர்களும் அறிவர். வண்டி நிலையத்திற்குள் நுழையும்போதே பரிசோதகர்கள் இருமருங்கிலும் நின்று காது கொடுத்துக் கேட்பதும், நின்றபின் ஒவ்வோர் அச்சுப்பெட்டியாக வெப்பம் பார்த்துச் செல்வதும் ஒரு பேரிங் கெட்டால் என்ன நேரும் என்ற அச்சத்தினால்தான். வேறுபாடு யாதெனில், நமது அச்சுப்பெட்டி வெளியே இருக்கிறது. இந்தக் காரின் பேரிங்கோ கியர் பெட்டியையும் கிளட்சையும் கழற்றினாலன்றிக் கண்ணில் படாது. பல வேளைகளில் அது சொல்லாமலே போய்விடுகிறது.

எல்லா வண்டிகளுக்கும் இக்குறை ஒரே அளவில் இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. தொடக்க ஆண்டுகளில் இரண்டு வரிசைக் குண்டுகள் கொண்ட பேரிங் இருந்தது. சுமார் 2000 முதல் 2005 வரை ஒற்றை வரிசைச் சிறு பேரிங்; பழிக்கு அதிகம் ஆளானது இதுவே. அதன்பின் 2008 வரை ஒற்றை வரிசையிலேயே பெரிய பேரிங். இது வலுவானது, ஆயினும் எஞ்சினையே இரண்டாகப் பிரித்தாலன்றி வெளியே எடுக்க இயலாது. 2009-ஆம் ஆண்டு மாடல் முதல் வந்த புதிய எஞ்சினில் இடைத்தண்டே இல்லை. அதே காலத்து 911 டர்போ, ஜிடி3 வண்டிகளில் இருந்தது வேறு எஞ்சின். அதிலும் இடைத்தண்டு உண்டு. ஆனால் அழுத்தத்தோடு எண்ணெய் பாயும் பேரிங்கில் அது சுழல்வதால் இத்தொல்லை இல்லை. ஆகவே, "அந்த வண்டி மோசம்" என்று ஒரே சொல்லில் தள்ளுவதும் பிழை. "எல்லாம் வதந்தி" என்று தள்ளுவதும் பிழை.

அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2013-இல் சமரசத்தில் முடிந்தது. 2001 முதல் 2005 வரையிலான மாடல்களே அதில் அடங்கின. இரட்டை வரிசைப் பேரிங் உள்ள வண்டிகளில் நூற்றுக்குச் சுமார் ஒன்றும், ஒற்றை வரிசைச் சிறு பேரிங் உள்ளவற்றில் நூற்றுக்குச் சுமார் எட்டும் கெட்டன என்பது அவ்வழக்கையொட்டிப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. வண்டி முதலில் விற்பனையாகிப் பத்தாண்டுக்குள் நேர்ந்த சேதத்திற்கே அச்சமரசம் ஈடு கொடுத்தது. இன்று வாங்குபவர் தம் பணப்பையையே நம்ப வேண்டும்.

இனி அப்பிள்ளையின் கணக்கிற்கு வருவோம். அவன் முன் இரண்டு பாக்ஸ்டர்கள் இருந்தன. இரண்டும் 2003 மாடல். முதல் வண்டியின் விலை 10,000 டாலர். குறைந்த தூரமே ஓடியது, பேரிங் பழையது, பழுதுபார்த்த ரசீது எதுவும் இல்லை. இரண்டாவது வண்டியின் விலை 12,500 டாலர். அதிக தூரம் ஓடியது. ஆனால் கிளட்ச் மாற்றியபோதே பேரிங்கையும் மாற்றியதற்கு ரசீது உண்டு. முதல் வண்டிக்கு அவ்வேலையைச் செய்ய 3,000 டாலர் ஆகுமென்றும், எஞ்சின் போனால் வேறு எஞ்சினுக்கு 15,000 டாலர் ஆகுமென்றும் அவன் விசாரித்திருந்தான்.

அவன் நம்மிடம் சொன்னான்: "அண்ணா, நூற்றுக்கு எட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். 15,000-இல் நூற்றுக்கு எட்டுப் பங்கு 1,200 டாலர். முதல் வண்டியை வாங்கி ஒன்றும் செய்யாமல் ஓட்டினால் மொத்தம் 11,200 தான். பேரிங் மாற்றினால் 13,000. இரண்டாவது வண்டி 12,500. ஒன்றும் செய்யாமலிருப்பதுதான் மலிவு."

கூட்டலில் பிழையில்லை. கணக்கெழுதும் நமக்கே ஒரு கணம் அதுதான் சரியெனப் பட்டது. இரவு படுத்தபின்தான் அதிலுள்ள ஓட்டை தெரிந்தது. மறுநாள் தொலைபேசியில் அவனிடம் கேட்டோம்: "தம்பி, நீ வாங்கப் போவது நூறு வண்டியா, ஒரு வண்டியா?"

ரயில்வேக்கு ஆயிரமாயிரம் வாகன்கள் இருக்கின்றன. அவற்றில் இத்தனை பேரிங் இவ்வாண்டு கெடும் என்று முன்கூட்டியே கணித்து, அதற்குரிய தொகையை ஒதுக்கி வைக்கலாம். கெட்டவற்றின் செலவை ஓடுகிறவை ஈடு செய்துவிடும். சராசரி என்பது அத்தகைய பெரிய முதலாளிக்கு ஏற்ற கணக்கு. ஒரே வண்டி வைத்திருக்கும் குடும்பஸ்தன் 1,200 டாலர் செலவழிக்கப் போவதேயில்லை. ஒன்று, அவனுக்குச் செலவே இல்லை. அல்லது 15,000 டாலர். நடுவில் ஒன்றும் கிடையாது. ஆகவே அவன், எத்தனை பேருக்கு நேரும் என்று கேட்பதோடு நில்லாமல், "எனக்கே நேர்ந்துவிட்டால் நான் எழுந்திருக்க முடியுமா?" என்றும் கேட்க வேண்டும். மேலும், பழைய ஆண்டுகளில் எடுத்த கணக்கு இருபது ஆண்டு கடந்த பேரிங்கிற்கு அப்படியே பொருந்தும் என்பதற்கும் உறுதியில்லை.

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகுதான் ஒரு செய்தியைச் சொன்னான். கையிருப்பு 18,000 டாலர். அதில் 5,000 சொந்த ஊரில் அப்பா கட்டும் வீட்டிற்கு அனுப்ப வைத்திருப்பது. முதல் வண்டியின் எஞ்சின் போனால் முதலில் கை வைக்க வேண்டியது அந்த ஐயாயிரத்தில்தான். பெரியவர் அதைப்பற்றி நம்மிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

இரண்டாவது வண்டியையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாகாது என்பதையும் பேசினோம். ரசீதில் தேதி, ஓடிய தூரம், போட்ட பேரிங்கின் வகை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். மாற்றிய பேரிங்கிற்கும் ஆயுள் உண்டு. அதனைக் கேட்டறிய வேண்டும். எண்ணெய் பில்டரை அறுத்துப் பார்த்து, உலோகத் தூள் மினுக்குகிறதா என்று காண வேண்டும். குறைவாக ஓடிய வண்டியே நல்லது என்ற எண்ணமும் இங்கே செல்லாது. ஆண்டுக்கணக்கில் எண்ணெய் மாற்றாமல் கொட்டகையில் நின்ற வண்டியைவிட, முறையாக எண்ணெய் மாற்றி ஓட்டிய வண்டியே மேல் என்று மெக்கானிக்குகள் பலர் கூறுவர். எல்லாவற்றிற்கும் மேலாக, பேர் பெற்ற ஒரு பழுதையே உற்று நோக்கி மற்றவற்றை மறந்துவிடலாகாது. இந்த எஞ்சின்களில் சிலிண்டர்ச் சுவர் கீறல் விழுவதும், கிராங்குத் தண்டின் பின்புற சீல் கசிவதும் கேள்விப்படுபவைதாம். பேரிங்கிற்கு வாங்கிய ரசீது அவற்றிற்கு ரசீதாகாது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்திற்குப் பேரம் பேசியவன் கதையாக, பத்தாயிரம் கொடுப்பவன் பரிசோதனைக் கூலிக்குக் கஞ்சத்தனம் செய்வதும் தகாது.

இவ்விடத்தில் நமது அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். இந்நகருக்கு மாற்றலாகி வந்த புதிதில் பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கினோம். "ஒரு குறையும் இல்லை" என்றார் விற்றவர். ஆறு வாரத்தில் கியர் பெட்டி உதிர்ந்து, ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிற்று. அன்று முதல், "ஒரு குறையும் இல்லை" என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு வயிறு கலங்கும். "இன்ன குறை உண்டு, அதற்கு இன்னது செய்திருக்கிறேன், இதோ ரசீது" என்பவரிடம் தாராளமாகப் பேசலாம். தெரிந்த பழுதுக்கு ஒரு விலை உண்டு. அதைக் கேட்ட விலையிலிருந்து கழித்துவிடலாம். தெரியாத பழுதுக்கு விலை போடுவது எவ்வாறு?

பிள்ளை இரண்டாவது வண்டியைப் பரிசோதித்து வாங்கினான். செய்தியைச் சொன்னதும் பெரியவர், "ஆக, கோளாறு உள்ள வண்டியைத்தான் வாங்கினானா?" என்றார். "இல்லை ஐயா, கோளாறு இன்னதென்று தெரிந்து, அதைத் தீர்த்து வைத்த வண்டியை வாங்கினான்" என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சென்ற மாதம் நூலகத்திற்கு வந்தவர், வீட்டிற்குத் தளம் போட்டாயிற்று என்று அனைவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் எழுந்து போன பிறகு கைப்பேசியை எடுத்து, சிவப்பு நிறக் கார் ஒன்றின் அருகே மகன் நிற்கும் படத்தை நமக்கு மட்டும் காட்டினார். "இரண்டே பேர்தான் உட்காரலாமாம், தம்பி. அடுத்த வருஷம் நான் போனால் என்னைத்தான் பக்கத்தில் உட்கார வைப்பானாம்" என்றார்.

காரோ, ஸ்கூட்டரோ, கைமாறி வரும் வீடோ, எதுவாயினும் வாங்குமுன் அன்பர்கள் அந்த ஒரு கேள்வியைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வார்களாக.