கடல் மீன் தொட்டி: தீனி எவ்வளவு இடலாம்?

கண்ணாடித் தொட்டியில் உப்பு நீர் நிரப்பிக் கடல் மீன் வளர்ப்போர் கடற்கரை ஊர்களில் மட்டுமின்றி உள்நாட்டு நகரங்களிலும் இருக்கின்றனர். இவர்கள் விரும்பி வாங்குவது கோமாளி மீன். மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இம்மீனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையைக் கண்டுள்ளது. தொட்டியில் பிறந்த மீன் உலர்தீனிக்குப் பழகியது. கையில் கொடுப்பதைத் தயங்காமல் உண்ணும். ஆகவே அது பட்டினியால் சாவது அரிது. தீனி மிகுந்து நீர் கெட்டுச் சாவதே அடிக்கடி நேர்கிறது. ஆசைப்பட்டு விலை கொடுத்து வாங்கிய மீன்கள் ஒரே இரவில் மடிவதைத் தவிர்க்கத் தீனியின் அளவை முறையாகக் கணக்கிட வேண்டும்.

மீந்த தீனி என்னவாகிறது?

உலர்தீனியில் புரதமே மிகுதி. 45 சதவீதம் புரதம் உள்ள தீனி ஒரு கிராம் எனக் கொள்வோம். அதில் புரதம் 450 மில்லிகிராம். புரதத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் தழைச்சத்து. அதாவது 72 மில்லிகிராம். இந்த ஒரு கிராம் தீனி உண்ணப்படாமல் 100 லிட்டர் தொட்டியில் கிடந்து முழுவதும் அழுகினால், லிட்டருக்கு 0.72 மில்லிகிராம் தழைச்சத்து அமோனியாவாக நீரில் சேரும்.

இந்த அமோனியா முழுவதும் நஞ்சன்று. எவ்வளவு நஞ்சாகும் என்பது நீரின் கார அமில நிலையையும் வெப்பத்தையும் பொறுத்தது. தங்க மீன் வளர்க்கும் நன்னீர்த் தொட்டியில் கார அமில நிலை 7 ஆக இருந்தால் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நஞ்சாக இருக்கும். கடல் நீரில் அது 8.2 அளவில் உள்ளது. 28 பாகை வெப்பத்தில் நூற்றில் எட்டுப் பங்கு வரை நஞ்சாகிவிடும். மேற்கண்ட கணக்கில் இது லிட்டருக்கு ஏறத்தாழ 0.06 மில்லிகிராம். மீனுக்கு 0.02க்கு மேல் போகாமல் இருப்பதே நல்லது. நன்னீர் மீனில் கைதேர்ந்தவர்களும் கடல் மீனில் தோற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மீன் உண்ட தீனியும் கணக்கில் அடங்கும். உண்ட புரதத்தின் பெரும்பங்கை மீன் செவுள் வழியாக அமோனியாவாகவே வெளியேற்றுகிறது. ஆகவே மீதமில்லாமல் தின்றுவிட்டது என்பதற்காக மேலும் மேலும் இடுவதும் தவறு.

மூச்சுக் காற்றும் குறைவு

28 பாகை வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு 7.8 மில்லிகிராம் அளவு பிராண வாயுவைத் தாங்கும். கடல் நீர் தாங்குவது 6.4 மில்லிகிராம் மட்டுமே. தீனி உண்ட மீனுக்குச் செரிமானத்திற்காகக் கூடுதல் பிராண வாயு தேவை. அழுகும் தீனியும் அதையே உறிஞ்சுகிறது. இரவில் வயிறு நிறைய இட்ட தொட்டியில் விடியற்காலையில் மீன்கள் மேல்மட்டத்திற்கு வந்து வாய் திறந்து மூச்சு வாங்குவது இதனால்தான்.

எடை பார்த்து அளவு

வளர்ந்த மீனுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம் உலர்தீனி போதும். வளரும் குஞ்சுகளுக்கு 5 சதவீதம் முதல் தொடங்கலாம்.

மீனை நிறுக்க எளிய வழி உண்டு. தங்கம் நிறுக்கும் சிறு தராசில் தொட்டி நீர் பாதியளவு உள்ள கிண்ணத்தை வைத்து எடை குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மீனை அதில் விட்டு மீண்டும் எடை பார்க்க வேண்டும். கூடிய எடையே மீனின் எடை. ஐந்து செ.மீ. நீளக் கோமாளி மீன் ஏறத்தாழ 2½ கிராம் இருக்கும். மாதம் ஒரு முறைக்கு மேல் நிறுத்து மீனை வருத்தக் கூடாது.

இத்தகைய நான்கு மீன்கள் உள்ள தொட்டியில் மொத்த எடை 10 கிராம். 3 சதவீதம் என்றால் நாளொன்றுக்கு 0.3 கிராம். காலை, மாலை இரு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 0.15 கிராம்.

அடுத்து, சிட்டிகையின் எடையை அறிய வேண்டும். ஒவ்வொருவர் விரலும் ஒவ்வொரு அளவு எடுக்கும். பத்துச் சிட்டிகைத் தீனியைத் தராசில் இட்டு, வரும் எடையைப் பத்தால் வகுக்க வேண்டும். பத்துச் சிட்டிகை 1½ கிராம் இருந்தால் ஒரு சிட்டிகை 0.15 கிராம். அதாவது நான்கு மீன்களுக்கும் சேர்த்து வேளைக்கு ஒரே ஒரு சிட்டிகை. பார்ப்பதற்கு இது மிகக் குறைவாகத் தோன்றும். ஆனால் கணக்கு இதுதான்.

கண்ணால் சரிபார்த்தல்

எடைக் கணக்கு தொடக்கம் மட்டுமே. மீன் உண்ணும் வேகத்தைக் கவனித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். வேளைக்குரிய அளவையும் ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு மூன்று முறையாகத் தூவ வேண்டும். முதலில் இட்டது அடியில் விழுமுன் உண்ணப்பட்டால் அடுத்ததைத் தூவலாம். இரண்டு மூன்று நிமிடத்தில் தீராத தீனி மிகைத் தீனி. அதைச் சிறு வலையாலோ குழாயாலோ உடனே எடுத்துவிட வேண்டும். மறு வேளை அந்த அளவைக் குறைக்க வேண்டும்.

தீனியிடும்போது வடிகட்டி இழுத்துச் செல்லாமல் இருக்க நீரேற்றும் மோட்டாரை ஐந்து நிமிடம் நிறுத்தலாம். காற்றுக் குழாயை நிறுத்தக் கூடாது. மோட்டாரை மீண்டும் போட மறத்தலும் ஆகாது.

எந்த மீனுக்கு எத்தனை வேளை?

கோமாளி மீன் கடலில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பொறுக்கித் தின்பது. ஆகவே குறைவாகப் பல வேளை இடுவது அதற்கு ஏற்றது. நாளுக்கு இரு வேளை போதும். குஞ்சுகளுக்கு நான்கு வேளை வேண்டும். வேளை கூடினாலும் நாளின் மொத்த அளவு கூடக் கூடாது.

ஓரா மீன் பாசி மேய்வது. அதற்குப் புரதத் தீனியைக் குறைத்துக் கடற்பாசித் தகட்டைக் கட்டித் தொங்கவிடலாம். மாலையில் மீந்ததை எடுத்துவிட வேண்டும். களவா, சிங்க மீன் போன்றவை இரையை முழுதாக விழுங்குபவை. வளர்ந்தவற்றுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் இட்டால் போதும். நாள்தோறும் இட்டால் கொழுப்பு மண்டி நோயுறும்.

இறால் இறைச்சி இட்டால்

இறால், மட்டி, கணவாய் இறைச்சியில் ஐந்தில் நான்கு பங்கு நீரே. ஒரு கிராம் உலர்தீனிக்கு ஏறத்தாழ நான்கு கிராம் இறைச்சி ஈடாகும். மேற்கூறிய நான்கு மீன்களுக்கு நாளொன்றுக்கு 1.2 கிராம் இறைச்சி போதுமானது. அன்று உலர்தீனி இடக் கூடாது. இறைச்சியை நன்னீரில் கழுவி, மீனின் வாய்க்கு ஏற்ப நறுக்கி இட வேண்டும். கழுவாத சாறே நீரைக் கலங்க வைக்கும்.

புதுத் தொட்டியில் கவனம்

அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் நற்பாக்டீரியா வடிகட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை குறைந்த மீன்களை விட்டு, கணக்கிட்ட அளவில் பாதியே இட வேண்டும். சோதனை மருந்துப் பெட்டியால் அமோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று கண்ட பின்னரே வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டலாம். திடீரெனக் கூட்டினால் பாக்டீரியா ஈடுகொடுக்க இயலாது.

தீனியை நிறுத்த வேண்டிய வேளைகள்

மின்சாரம் நின்று காற்றுக் குழாய் ஓடாதபோதும், நீர் கலங்கியிருக்கும்போதும் தீனி இடக் கூடாது. நீரின் வெப்பம் 31 பாகையைத் தாண்டும் கோடை நாட்களில் பாதியாகக் குறைக்க வேண்டும். புதிதாக வந்த மீனுக்கு முதல் நாள் வேண்டாம். நலமான வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் தீனியின்றி இருக்கும். வெளியூர் செல்வோர் அஞ்சி மொத்தமாக இட்டுச் செல்வதே ஆபத்து. குஞ்சுகளுக்கு மட்டும் ஆள் வைத்து இட ஏற்பாடு செய்ய வேண்டும்.

அறிகுறிகள்

வயிறு உள்வாங்கி, தலைக்குப் பின் முதுகு மெலிந்தால் தீனி போதவில்லை. அப்போது பத்தில் ஒரு பங்கு கூட்டி ஒரு வாரம் பார்க்க வேண்டும். மணலில் தீனி கிடத்தல், கண்ணாடியில் பாசி விரைவாகப் படர்தல், நீர் வெண்மையாகக் கலங்குதல், செவுள் வேகமாக அடித்தல் ஆகியவை தீனி மிகுந்ததைக் காட்டும்.

மிகுந்துவிட்டால் ஒரு நாள் தீனியை முற்றிலும் நிறுத்தி, அடியில் கிடப்பதைக் குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். நீரில் கால் பங்கை மாற்றிக் காற்றைக் கூட்ட வேண்டும். புது நீரின் உப்பும் வெப்பமும் தொட்டி நீருக்கு ஒத்திருக்க வேண்டும். லிட்டருக்கு 32 முதல் 35 கிராம் உப்பு என்பது பொது அளவு.

ஒருவரே இடுக

எல்லாக் கணக்கையும் கெடுப்பது ஒன்று உண்டு. வீட்டில் நால்வர் இருந்து, ஒருவர் இட்டது மற்றவருக்குத் தெரியாமல் காலையும் மாலையும் ஆளுக்கொரு சிட்டிகை இட்டால், 0.3 கிராம் வேண்டிய தொட்டியில் 1.2 கிராம் விழுகிறது. மிகை 0.9 கிராம். 100 லிட்டர் தொட்டியை நஞ்சாக்க முன்னர்ச் சொன்ன ஒரு கிராமுக்கு இது ஏறத்தாழச் சமம்.

இதைத் தவிர்க்க ஞாயிறுதோறும் அந்த வாரத்திற்கான 14 வேளைத் தீனியை நிறுத்து, 14 சிறு பொட்டலங்களாக மடித்து ஈரம் படாத டப்பாவில் வைக்கலாம். யார் இட்டாலும் வேளைக்கு ஒரு பொட்டலம்தான். பொட்டலம் இல்லையென்றால் அந்த வேளைத் தீனி இட்டாயிற்று என்று பொருள். குழந்தைகளும் ஆசையோடு மீனுக்குத் தீனி போடலாம்; மீனுக்கும் கேடு வராது.