ரூட் செய்த போனில் பூட்டு எங்கே இருக்கிறது?

போன் தொலைந்தால் எல்லோரும் முதலில் சிம்மைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து முடக்கிவிட்டால், எடுத்தவர் அந்தப் போனில் வேறு சிம் போட்டுப் பேச முடியாது. 2023 மே மாதத்திலிருந்து இந்த வசதி நாடு முழுவதும் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் உள்ளே கிடக்கும் குடும்பப் படங்கள், ஆதார் நகல், வாட்ஸ்அப் உரையாடல்கள் ஆகியவற்றை அந்தத் தளம் தொடுவதில்லை. அவற்றைக் காப்பது குறியாக்கம் (என்கிரிப்ஷன்) ஒன்றுதான். போன் ரூட் செய்யப்பட்டதாக, அதாவது அதன் முழு நிர்வாக அதிகாரமும் பயனர் கைக்கு வந்ததாக இருந்தால் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்ளும்: ரூட் செய்த அன்று குறியாக்கத்தை விட்டுவைத்தீர்களா, கழற்றிவிட்டீர்களா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளில், பழைய ரெட்மி ஒன்றை ரூட் செய்து, கம்பெனி தராத வேறொரு ஆண்ட்ராய்டை (கஸ்டம் ராம்) ஏற்றிப் பார்த்தவர்கள் கணிசமாக உண்டு. காரணம் எளிது. கம்பெனி இரண்டு மூன்று வருடத்தில் அப்டேட்டை நிறுத்திவிடுகிறது. போனோ இன்னும் நன்றாக ஓடுகிறது. லினியேஜ் ஓஎஸ் போன்ற ஒன்றை ஏற்றினால் அதற்கு இன்னும் சில வருடம் ஆயுள். விழுப்புரத்தில் கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லித்தரும் லினக்ஸ் பயனர் குழு ஒன்றும் இயங்குகிறது. ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடுவதும் அதே லினக்ஸ்தான். இந்தப் பிள்ளைகளிடம் பெரியவர்கள் சொல்லும் எச்சரிக்கை, “ரூட் பண்ணினா பாதுகாப்பு போயிடும்” என்பது. அதில் பாதிதான் உண்மை. ரூட் செய்வதால் குறியாக்கம் தானாகப் போவதில்லை. வேகத்துக்காகவோ வசதிக்காகவோ பயனர்கள்தான் அதைக் கையால் கழற்றிவிடுகிறார்கள்.

ஏன் கழற்றினார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ஆண்ட்ராய்டில் குறியாக்கம் வந்தது 2011இல், ஹனிகோம்ப் என்ற 3.0 பதிப்பில். லினக்ஸ் மடிக்கணினிகளில் இருந்த டிஎம்-கிரிப்ட் என்ற ஏற்பாட்டையே எடுத்து டேட்டா பகுதி முழுவதற்கும் போட்டார்கள். போன் தானாக 128 பிட் சாவி ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். எழுதுவது எல்லாம் அந்தச் சாவியால் குறியாக்கப்படும். நாம் போடும் பின் எண், அந்தச் சாவியை மூடி வைக்க மட்டுமே பயன்படும். மூடிய சாவி, டேட்டா பகுதியின் கடைசி 16 கிலோபைட்டில் உட்கார்ந்திருக்கும். பின் எண்ணை மாற்றினால் அந்தச் சின்ன இடம் மட்டும் மாறுமே தவிர, மொத்தத் தகவலையும் திரும்ப எழுத வேண்டியதில்லை.

முதல் தடவை குறியாக்குவதுதான் பெரும்பாடு. பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், சார்ஜர் செருகியே இருக்க வேண்டும், ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும் என்று போனே சொல்லும். நடுவில் கரண்ட் போய் பேட்டரியும் இறங்கினால் தகவலைத் தலைமுழுக வேண்டியதுதான்.

அந்தக் காலத்து ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. திரையைத் திறக்கும் பின்னும் வட்டை, அதாவது டேட்டா பகுதியைத் திறக்கும் கடவுச்சொல்லும் ஒன்றே. ஒரு நாளில் எத்தனையோ முறை திரையைத் திறப்பவர் இருபது எழுத்துக் கடவுச்சொல்லா வைப்பார்? நான்கு இலக்கம்தான் வைப்பார். நான்கு இலக்கம் என்றால் மொத்தமே 10,000 வாய்ப்பு. அந்தக் கடைசி 16 கிலோபைட்டை நகலெடுத்துக்கொண்டு போனால் சாதாரண மடிக்கணினியே சீக்கிரம் உடைத்துவிடும். இதற்கு வழி ரூட் செய்தவர்களிடம்தான் இருந்தது. வட்டின் கடவுச்சொல்லை மட்டும் தனியாக மாற்றும் கட்டளை ஆண்ட்ராய்டுக்குள்ளேயே இருந்தது, ரூட் அதிகாரம் இருந்தால் அதை ஓட்டலாம். ஆண்ட்ராய்டு பாதுகாப்பைப் பற்றிப் புத்தகமே எழுதிய நிகோலாய் எலன்கோவ், இதற்காக ஒரு சின்ன ஆப்பும் செய்து கொடுத்தார். போனை இயக்கும்போது நீளமான கடவுச்சொல், திரைக்குச் சின்னப் பின். ரூட் என்றாலே பாதுகாப்புக்கு எதிரி என்பவர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பிறகு 2014இல் லாலிபாப் என்ற பதிப்பு வந்தது. நெக்ஸஸ் 6, நெக்ஸஸ் 9 இரண்டும் குறியாக்கத்தோடேயே பெட்டியிலிருந்து வெளிவந்தன. நெக்ஸஸ் 6 படிப்பதிலும் எழுதுவதிலும் மந்தமாகிவிட்டது என்று புகார் கிளம்பியது. குறியாக்கக் கணக்கை வேகமாகப் போடும் தனிக் கட்டளைகள் எல்லாச் சிப்பிலும் அப்போது கிடையாது. அதே வருடம் செப்டம்பரில் இந்தியாவில்தான் ஆண்ட்ராய்டு ஒன் திட்டம் தொடங்கியது. மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் மூன்றும் ஆளுக்கொரு மலிவு போனைக் கொண்டுவந்தன. உள்ளே இருந்தது கார்டெக்ஸ் ஏ7 கோர். ஏஇஎஸ் குறியாக்கத்தை அது மென்பொருளாகவேதான் போட்டாக வேண்டும், அதனால் திணறும். நம்மூர்ப் பட்ஜெட் போன்களின் கதை இது.

எனவே அப்போது ரூட் செய்தவர்கள் ஒரு பழக்கத்துக்கு வந்தார்கள். எந்தப் பகுதியை எப்படி ஏற்றுவது என்று போனுக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் ‘கட்டாயம் குறியாக்கு’ என்ற வரியை ‘வேண்டுமானால் குறியாக்கு’ என்று மாற்றும் ஒரு ஜிப் கோப்பை ஃப்ளாஷ் செய்தார்கள். ரூட் செய்யப் பயன்படும் மேஜிஸ்க் என்ற ஆப்பிலும் கட்டாயக் குறியாக்கத்தைக் காப்பதா வேண்டாமா என்று டிக் அடிக்க ஒரு கட்டம் இருந்தது. அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. இன்றைக்கு இல்லை. புதிய சிப்புகளில் ஏஇஎஸ் கட்டளைகள் வந்துவிட்டன. அவை இல்லாத மலிவுச் சிப்புகளுக்கென்றே கூகுளின் பால் கிரவுலியும் எரிக் பிக்கர்ஸும் அடியாண்டம் என்ற முறையை வடிவமைத்தார்கள். 2019இல் அறிமுகமான அது, கார்டெக்ஸ் ஏ7இல் ஏஇஎஸ்ஸைவிட ஐந்து மடங்கு வேகம். ஆனாலும் அந்த ஜிப் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. ஏன் என்று கேட்டால், “அண்ணன் அப்படித்தான் சொன்னாரு” என்கிறார்கள்.

2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 அடிப்படையையே மாற்றியது. வட்டு முழுவதையும் ஒரே சாவியால் பூட்டாமல், கோப்புகளைத் தனித்தனிச் சாவிகளால் பூட்டும் முறை அது. ஆண்ட்ராய்டு 10 முதல் புதிய போன்களுக்கு இது கட்டாயம். 13இல் பழைய முறை மொத்தமாகவே நீக்கப்பட்டது. இதில் தகவல் இரண்டு வகை. ஒன்று, போன் இயங்கத் தொடங்கியதுமே திறந்துகொள்வது: அலாரம், அழைப்பு மணி போன்றவை. மற்றது, நீங்கள் முதல் தடவை பின் போட்ட பிறகே திறப்பது. ராத்திரியில் போன் தானாக ரீஸ்டார்ட் ஆகி, விடிகாலையில் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தால், பெயர் வராமல் வெறும் எண் மட்டும் வருவதைக் கவனித்திருப்பீர்கள். தொடர்புப் பட்டியல் இன்னும் பூட்டிலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தப் பூட்டைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், ராம் ஏற்றப் பயன்படும் டீம் வின் ரிகவரியைத் திறக்க வேண்டும். பின் கேட்கும்போது ‘கேன்சல்’ அழுத்திவிட்டு உள்ளே போய், படங்கள் இருக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள். டிசிஐஎம், டவுன்லோட், வாட்ஸ்அப் என்ற பெயர்கள் எதுவும் இருக்காது. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் எண்ணும் பிளஸ் குறியும் காற்புள்ளியும் குழம்பிய நீளச் சரங்கள் வரிசையாக நிற்கும். கோப்புகளின் பெயரே குறியாக்கப்பட்டிருக்கிறது. சர்வீஸ் செய்யும் அண்ணன்களிடம் அடிக்கடி வரும் உரையாடல் இந்த இடத்தில்தான் நிகழும்.

“அண்ணா, பேட்டர்ன் மறந்துட்டேன். ரூட் பண்ணிருக்கேன்ல, லாக் ஃபைலை அழிச்சா திறந்துடும்னு வீடியோல சொன்னாங்க.”

“அது பழைய போனுக்குடா தம்பி. இதுல அழிச்சா உன் போட்டோவும் சேர்ந்து போயிடும்.”

அண்ணன் சொல்வது சரி. ஒரு காலத்தில் ஜெஸ்சர் கீ என்ற கோப்பை அழித்தால் பேட்டர்ன் பூட்டு காணாமல் போகும், தகவல் அப்படியே இருக்கும். இப்போது பூட்டின் கோப்புகளும் தகவலின் சாவியும் பின்னிக் கிடக்கின்றன. அவற்றை அழித்தால் சாவியே அழிந்துவிடும். பின் எண்ணைச் சரிபார்ப்பதும் தவறான முயற்சிகளை எண்ணிக் காத்திருக்க வைப்பதும், சிப்புக்குள் தனியாக ஓடும் பாதுகாப்புப் பகுதியில் நடக்கின்றன. ரூட் அதிகாரம் அங்கே செல்லாது.

அப்படியானால் ரூட்டால் கெடுவது எதுவுமே இல்லையா? உண்டு. நீங்கள் பின் போட்டுத் திறந்த பிறகு சாவி போனின் நினைவகத்தில் இருக்கும். திரையை அணைத்தாலும் அங்கேயேதான் இருக்கும். ரீஸ்டார்ட் ஆகும் வரை போகாது. அந்த நேரத்தில் ரூட் அனுமதி பெற்ற எந்த ஆப்பும் எல்லாவற்றையும் படிக்கலாம். மேஜிஸ்க் கேட்கும் அனுமதிக் கேள்விக்கு யோசிக்காமல் ‘கிராண்ட்’ அழுத்துகிறவருக்குக் குறியாக்கம் ஒரு பயனும் தராது. நினைவகத்தில் இருப்பதை வெளியிலிருந்தும் எடுக்கலாம். ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல், ஒரு கேலக்ஸி நெக்ஸஸ் போனை ஃப்ரீசரில் வைத்துக் குளிரவைத்து, சட்டென்று பேட்டரியைக் கழற்றி மாட்டி, நினைவகத்திலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார்கள். குளிரில் நினைவகம் மெதுவாகத்தான் மறக்கும். ஆகவே போனைச் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது அணைத்துக் கொடுங்கள். திரைப் பூட்டு மட்டும் போதாது.

போனை முதலில் இயக்கித் தொடங்கும் பூட்லோடர், ரூட் செய்வதற்காகத் திறந்திருப்பது அடுத்த சிக்கல். திருடனுக்கு அதனால் உடனே தகவல் கிடைக்காது. ஆனால் போனைச் சில மணி நேரம் கையில் வைத்திருப்பவர், நீங்கள் அடிக்கும் பின்னைப் பதிவு செய்யும்படி பூட் பகுதியை மாற்றிவிட்டு ஒன்றும் தெரியாதவர் போலத் திருப்பித் தரலாம். மூடிய பூட்லோடர் அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்து நிறுத்தும்; திறந்தது நிறுத்தாது.

வங்கி ஆப்களும் யுபிஐ ஆப்களும் முகம் திருப்புவது இதனால்தான். ‘உன் பூட்லோடர் மூடியிருக்கிறதா’ என்று ஆப் கேட்கிறது. சிப்பின் பாதுகாப்புப் பகுதி கையெழுத்திட்டுப் பதில் சொல்கிறது. இதை ஏமாற்றச் சிலர் வேறொரு போனிலிருந்து கசிந்த கையெழுத்துச் சாவியை எடுத்து வந்து பதில் சொல்ல வைக்கிறார்கள். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் பிரியும் திருவாமாத்தூர்க்காரர்களுக்கு இந்தத் தந்திரம் பழகியதாகத்தான் இருக்கும். அங்கே அபிராமேசுவரர் கோயிலில் சத்தியம் செய்யும் வட்டப்பாறை உண்டு. தம்பியின் பொன்னை ஏமாற்றிய அண்ணன் ஒருவன், அதைத் தன் கைத்தடிக்குள் ஒளித்து, தடியைத் தம்பியிடம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, “என்னிடம் எதுவும் இல்லை, எல்லாம் அவனிடம்தான்” என்று பாறையில் கை வைத்தானாம். சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை. ஆனால் தும்பூர் போய்ச் சேர்ந்தபோது பாம்பு தீண்டியது என்று கதை போகிறது. கசிந்த சாவிகளுக்கும் அதே கதிதான். கூகுள் அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து ரத்து செய்கிறது. நேற்று வரை ஓடிய வங்கி ஆப் இன்று காலை திறக்காது. ரூட் போனை வைத்துக்கொள்ளுங்கள்; வங்கி வேலைக்கு வேறு போன் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கட்சி.

தினசரி அல்லல் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சாவி, ஓஎஸ் பதிப்போடும் பாதுகாப்பு பேட்ச் தேதியோடும் கட்டப்பட்டிருக்கிறது. புதிய பேட்ச் உள்ள ராமிலிருந்து பழைய ராமுக்குத் தகவலை அழிக்காமல் இறங்கினால், பின் சரியாக இருந்தாலும் திறக்காது. பிறகு ரிகவரியில் ‘ஃபார்மட் டேட்டா’ போய் ‘யெஸ்’ என்று டைப் அடிப்பது ஒன்றே வழி. பூட்லோடரைத் திறந்தாலும் சரி, திரும்ப மூடினாலும் சரி, தகவல் அழியும். ஆகவே எதைத் தொடுவதற்கு முன்னும் படங்களைக் கணினிக்கு மாற்றிவிட வேண்டும்.

மெமரி கார்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சாதாரணமாகச் செருகிய கார்டு குறியாக்கப்படுவதில்லை. போன் எவ்வளவு பத்திரமாக இருந்தாலும் கார்டைக் கழற்றினால் எல்லாம் வெளிச்சம். ஆண்ட்ராய்டு 6இல் வந்த வசதிப்படி கார்டைப் போனின் உள் நினைவகமாகவே மாற்றினால் குறியாக்கம் உண்டு. ஆனால் போன் செத்தால் கார்டும் செத்தது. சாவி போனுக்குள்தான் இருக்கிறது. இங்கேயும் ரூட் கை கொடுக்கும். பழைய போன்களில் அந்தச் சாவி, டேட்டா பகுதியில் வெறும் 16 பைட் கோப்பாக இருக்கிறது. ரூட் இருந்தால் அதை நகலெடுத்துப் பத்திரப்படுத்தலாம். பின்னாளில் ஒரு லினக்ஸ் கணினியில் அதே டிஎம்-கிரிப்ட் வழியாகக் கார்டைத் திறந்துகொள்ளலாம்.

போனை விற்கும்போதுதான் குறியாக்கத்தைக் கழற்றியவர் உண்மையில் மாட்டுகிறார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் லாரன்ட் சைமனும் ராஸ் ஆண்டர்சனும் 2015இல், ஐந்து கம்பெனிகளின் 21 பழைய ஆண்ட்ராய்டு போன்களை ஆராய்ந்தார்கள். ஃபேக்டரி ரீசெட் செய்த பிறகும் படங்கள், செய்திகள், கூகுள் கணக்கின் நுழைவுச் சாவி வரை திரும்ப எடுக்க முடிந்தது. போனின் சேமிப்புச் சிப், அழித்ததாகச் சொன்ன இடத்தை உடனே அழிப்பதில்லை. குறியாக்கம் இருந்தால் அது பிரச்சினையே இல்லை: ரீசெட்டில் சாவி அழிந்ததும், மிச்சம் கிடப்பது யாருக்கும் உதவாத குப்பை.

உங்கள் போன் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய, கணினியில் இணைத்து ஏடிபி ஷெல்லில் ‘கெட்பிராப்’ கட்டளைக்குப் பின்னால் ‘ஆர்ஓ.கிரிப்டோ.ஸ்டேட்’ என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். ‘என்கிரிப்டட்’ என்று வந்தால் நிம்மதி. ‘அன்என்கிரிப்டட்’ என்று வந்தால், படங்களை வெளியே எடுத்துவிட்டு, குறியாக்கத்தைக் கழற்றும் அந்த ஜிப்பைத் தொடாமல் சுத்தமான ராமை ஏற்றி, டேட்டாவை ஃபார்மட் செய்து, ஆறு இலக்கத்துக்குக் குறையாத பின் ஒன்றைப் போடுங்கள். ரூட் வேண்டுமென்றால் அதற்குப் பிறகு பூட் இமேஜை மட்டும் மேஜிஸ்கில் பேட்ச் செய்து ஃபாஸ்ட்பூட்டில் ஏற்றினால் போதும். ஆண்ட்ராய்டு 13ஓடு விற்பனைக்கு வந்த போன் என்றால் ‘இனிட் பூட்’ இமேஜ். இந்த வழி டேட்டா பகுதியைத் தொடுவதே இல்லை.