‘சொந்தப் பொறுப்பில்’ கையொப்பமிட்டவர்களுக்கு

கடதாசியோடு என்னிடம் வருபவர்கள் ஒரே மாதிரித்தான் தொடங்குவார்கள்: “ஐயா, நாங்கள் சைன் வைச்சிட்டம், இனி என்ன செய்யலாம்?” கடைசியாக வந்தவர் வெள்ளவத்தைக்காரர், வயது 58, பிரஷர் குளிசை எடுப்பவர். ஒரு ஜிம்மின் சோனா அறையில் கால் மணி நேரம் இருந்துவிட்டு நேரே ஐஸ் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறார். வெளியே ஏறி நின்றதும் தலை சுற்றி விழுந்து கை முறிந்தது. பக்கத்தில் மேற்பார்வைக்கு ஒருவரும் இல்லை. என்னைத் தேடி வந்தது ஐந்து மாதம் கழித்து. பற்றுச்சீட்டைக் கேட்டேன். வீட்டில் குப்பையோடு போய்விட்டதாம்.

முதலில் உடம்பு. சோனா அறையின் சூடு 80 முதல் 100 பாகை செல்சியஸ். அந்தச் சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிந்து பிரஷர் இறங்கும். குளிசையும் அதைத்தான் செய்கிறது. 15 பாகைக்குக் குறைந்த தண்ணீரில் திடீரென இறங்கினால் குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும், மூச்சு தன்பாட்டில் இழுபடும். அந்த நேரம் முகம் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீர் நெஞ்சுக்குள் போகும். பின்லாந்துக்காரர்கள் குழந்தையிலிருந்தே பழகியவர்கள். அங்கேயே 2010இல் ஹெய்னோலாவில் நடந்த உலக சோனாப் போட்டியின் இறுதிச் சுற்றில், 110 பாகை அறையில் ஒருவர் இறந்தார், போட்டியையே நிறுத்திவிட்டார்கள். நாங்கள் கன்னியா வெந்நீர் ஊற்றில் நாலு வாளி வார்த்துப் பழகியவர்கள். இதய வருத்தம், பிரஷர், கர்ப்பம், நீரிழிவால் மரத்துப்போன கால் என்று ஏதாவது இருந்தால் டொக்டரைக் கேட்காமல் இறங்காதீர்கள். குடித்துவிட்டு இறங்கவே வேண்டாம். தனியாகவும் வேண்டாம். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

யாராவது விழுந்தால் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

இனி அந்தக் கடதாசி. ‘எது நடந்தாலும் என் பொறுப்பு’ என்று எழுதி வாங்கினால் தப்பிவிடலாம் என்பது நடத்துபவர்களின் நினைப்பு. எங்கள் ஆட்களும் அதை நம்புகிறார்கள். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இருக்கிறது. கவனயீனத்தால் ஒருவர் இறந்தாலோ காயப்பட்டாலோ, ஒப்பந்த வாசகத்தைக் காட்டியோ சுவரில் ஒட்டிய அறிவித்தலைக் காட்டியோ பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் கவனயீனத்தை நிரூபிப்பது உங்கள் வேலை. அதனால் விழுந்த இடத்தைப் படம் எடுங்கள், பக்கத்தில் நின்றவரின் பெயரையும் போன் நம்பரையும் வாங்குங்கள், கையொப்பமிட்ட தாளின் பிரதியைக் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் ‘குளியலறையில் வழுக்கினேன்’ என்று வெட்கத்துக்குப் பொய் சொல்லாதீர்கள். நடந்ததைச் சொன்னால்தான் அது பதிவாகும்.

முறைப்பாட்டுக்குப் போகவேண்டிய இடம் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை. கொழும்பு 2, வொக்ஸோல் வீதி, 27ஆம் இலக்கம். விசாரிக்க 1977. போனில் சொன்னதோடு நிற்காதீர்கள், எழுத்தில் கொடுங்கள். சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுங்கள். மூன்று மாதம்! பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. காசு கட்டும்போதே கேளுங்கள்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். மேல் மாகாணத்தில் நிர்வாகம் சிங்களத்தில் நடந்தாலும், தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. கவுண்டரில் இருப்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கடிதத்தையே வாங்க மறுத்தால் இராஜகிரியவில் இருக்கும் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள்.

பெரிய காயத்துக்கு நட்டஈடு வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றம்தான். வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் புதுக்கடையில் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். கொட்டாஞ்சேனைக்காரருக்கு அது எட்டிப்போகிற தூரம். வருமானத்தைக் காட்டும் கடதாசியைக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் இரண்டு முறை அலைவீர்கள்.

வெள்ளவத்தைக்காரருக்கு மூன்று மாதம் போய்விட்டது, இரண்டு வருடத்தில் மிச்சம் இருக்கிறது. பற்றுச்சீட்டு இல்லாததால், காசு கட்டிய காட் கணக்கறிக்கைக்காக இப்போது வங்கி வாசலில் நிற்கிறார்.