இலக்கு யாருடையது?

ஆண்டுதோறும் ஊழியர்கள் நிரப்பும் படிவத்தில் நிறுவனத்தின் லட்சியங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஊழியரின் லட்சியத்துக்கு அதில் இடம் உண்டா?

இந்திய அலுவலகங்களில் ஏப்ரல், சபதங்களின் மாதம். மார்ச் 31-ல் கணக்கு முடிந்த கையோடு, புதிய ஆண்டுக்கான இலக்குகளை எழுதித் தரும்படி ஊழியர்களுக்கு உத்தரவு வரும். விற்பனை எத்தனை சதவீதம் உயர வேண்டும், செலவு எவ்வளவு குறைய வேண்டும் என்பதெல்லாம் மேலிடத்தில் முடிவாகி இறங்கி வந்திருக்கும். சொந்த லட்சியத்துக்கென்றும் ஒரு கட்டம் உண்டு. 'தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்வேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். மகளின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கடன், சொந்த ஊருக்கு மாற்றல் போன்ற உண்மையான லட்சியங்கள் அந்தக் கட்டத்துக்குள் வருவதில்லை.

இந்தச் சடங்கின் மூலவர் பீட்டர் டிரக்கர். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நிர்வாகவியல் அறிஞர். 1954-ல் வெளியான நூலில் அவர் முன்வைத்த தத்துவத்தின் முழுப் பெயர் 'இலக்குகள் வழியாகவும் சுயக் கட்டுப்பாடு வழியாகவும் நிர்வாகம்'. ஒவ்வொரு மேலாளரும் தன் பிரிவின் இலக்கைத் தானே வகுக்க வேண்டும், தன் வேலையைத் தானே அளந்து பார்க்கும் தகவல்கள் அவர் கைக்கு வர வேண்டும் என்பது அதன் சாரம். நிறுவனங்கள் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டன. சுயக் கட்டுப்பாடு என்ற மறுபாதி வசதியாக மறந்துபோயிற்று.

மேலிருந்து திணிக்கப்பட்ட இலக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி சாட்சி. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுக் கணக்குகள் அல்லது சேவைகளை விற்க வேண்டும் என்பது அங்கே தாரக மந்திரம். கிளை ஊழியருக்கோ வேலையைக் காப்பாற்றிக்கொள்வதுதான் ஒரே இலக்கு. இரண்டும் சந்தித்த இடத்தில் மோசடி பிறந்தது. வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் சுமார் 5,300 ஊழியர்கள் வேலையிழந்திருந்தார்கள். காகிதத்தில் எல்லோருடைய இலக்கும் ஒன்றாகத்தான் இருந்தது.

இதற்கு நேர் எதிர்த் துருவம் மும்பையில் இருக்கிறது. 1959-ல் கிர்காவ் பகுதியில், கடனாக வாங்கிய 80 ரூபாயில், ஏழு பெண்கள் மொட்டை மாடியில் அப்பளம் இட உட்கார்ந்தார்கள். அதுதான் லிஜ்ஜத். இன்று அதில் 40,000-க்கும் அதிகமான பெண்கள் இருக்கிறார்கள். காலையில் கிளைக்குப் போய்ப் பிசைந்த மாவை வாங்கிக்கொள்கிறார்கள். வீட்டில் அப்பளமிட்டுக் காயவைத்து மறுநாள் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இட்ட எடைக்குக் கூலி. இங்கே முதலாளி என்று தனியாக யாரும் இல்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் உரிமையாளர். லாபமும் நஷ்டமும் பொது.

இந்தப் பெண்களின் தேவை தெளிவானது: குழந்தைகளை விட்டு வெளியே போகாமல், தன் கைக்கு வரும் வருமானம். நிறுவனத்தின் தேவையும் தெளிவானது: எங்கே இட்டாலும் ஒரே ருசி, ஒரே தரம். வீடுதான் தொழிற்கூடம் என்பதால் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழ் பொருந்திவிட்டன. இதில் யாரும் கோடீஸ்வரி ஆகிவிடவில்லை. ஆனால் தரம் கெட்டால் நஷ்டம் தனக்குத்தான் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லச் சுற்றறிக்கை தேவைப்படவில்லை.

எல்லா நிறுவனமும் கூட்டுறவாகிவிட முடியாது. நடுவழி ஒன்றை பெங்களூரின் இன்ஃபோசிஸ் காட்டியது. 1993-ல் பங்குச் சந்தைக்கு வந்த அந்த நிறுவனம், மறு ஆண்டே ஊழியர்களுக்குப் பங்குகள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பங்கு விலை ஏற ஏற, மாதச் சம்பளக்காரர்கள் லட்சாதிபதிகளாகவும் கோடீஸ்வரர்களாகவும் ஆனார்கள். கம்பெனி வளர்ந்தால் நானும் வளர்வேன் என்பது அங்கே வங்கிக் கணக்கில் தெரிந்த உண்மை. ஆனால் இதிலும் ஒரு கண்ணி உண்டு. சந்தை சரியும்போது, ஒழுங்காக உழைத்தவரின் பங்கும் சேர்ந்தே சரியும். விலை ஊழியர் கையில் இல்லை.

பங்கும் இல்லை, உரிமையும் இல்லை என்ற நிலையில் இருக்கும் பெரும்பாலான ஊழியர்கள் என்ன செய்யலாம்? நிறுவனத்தின் பட்டியலைப் பிரதி எடுப்பதற்கு முன் தன் பட்டியலைத் தனித் தாளில் எழுதிப் பார்க்கலாம். பணமா, புதிய வித்தையா, மாலை ஆறு மணிக்கு வீடு திரும்புவதா என்று வரிசைப்படுத்தினால், நிறுவனத்துக்கும் லாபம் தரக்கூடியவை இரண்டு மூன்றாவது தேறும். புதிய கணிப்பொறி மொழியைக் கற்க ஆசைப்படுபவர், அது தேவைப்படும் புராஜெக்டைக் கேட்டு வாங்கலாம். சொந்த ஊர் மாற்றல் வேண்டுபவர், அந்த ஊரில் நிறுவனத்துக்கு என்ன வியாபாரம் காத்திருக்கிறது என்ற கணக்கோடு மேலாளரைப் பார்க்கலாம். 'எனக்கு வேண்டும்' என்ற விண்ணப்பத்தைவிட 'இருவருக்கும் ஆகும்' என்ற யோசனைக்கு மேஜையில் மரியாதை அதிகம்.

பொருந்தாதவையும் மிஞ்சும். முதியோருக்கு அவர்கள் புரிந்துகொள்ளாத பாலிசியை விற்கச் சொல்லும் இலக்கு, மனசாட்சியோடு எந்தப் படிவத்திலும் ஒத்துப்போகாது. அதை முதல் நாளே எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது. அப்படிச் சொல்ல முடியாத இடமாக இருந்தால், ஊழியர் தன் தனித் தாளில் முதல் வரியாக எழுத வேண்டியது வேறு வேலை.