கடிபட்டவர் பாடு, வளர்ப்பவர் பொறுப்பு

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒருவரை நாய் கடித்துவிட்டால் அக்கம்பக்கத்தார் முதலில் சொல்வது, "ஐயோ, தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடணுமே!" என்பதுதான். நாய் யாருடையது, அதற்கு ஊசி போட்டிருக்கிறதா என்று விசாரித்தவர்கள் குறைவு. கடித்த நாயின் வீட்டுக்காரர் கொஞ்சம் மஞ்சளோ சுண்ணாம்போ கொடுத்தனுப்புவார். அத்தோடு அவர் கடமை முடிந்தது. மீதியெல்லாம் கடிபட்டவர் பாடு.

அந்தப் பாடும் லேசானதல்ல. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் தொடங்கியதிலிருந்து தென்னிந்தியாவுக்கு வெறிநாய்க்கடி மருந்து என்றாலே குன்னூர்தான். ஆட்டு மூளையிலிருந்து தயாரான அந்தக் காலத்து மருந்தை நாள் தவறாமல் வயிற்றில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஊசிக்குப் பயந்து பாதியில் நின்றுவிட்டவர்கள் உண்டு. சிலருக்கு நரம்பு பாதிப்பும் வந்தது. 2004-ஆம் ஆண்டோடு இந்தியாவில் அந்த மருந்தின் தயாரிப்பு நின்றது. இன்று அரசு மருத்துவமனைகளில் கையில் தோலுக்குள் போடும் ஊசிதான்: முதல் நாள், 3, 7, 28-ஆம் நாள் என நான்கு முறை, அதுவும் இலவசமாக. ஆழமான கடியென்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் போடுவார்கள். சுண்ணாம்பு இருந்த இடத்துக்கு, குழாயடியில் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவுவது வந்திருக்கிறது.

மருத்துவம் மாறிய வேகத்தில் வளர்ப்பு மாறவில்லை. அன்றைய நாய் பாதி வீட்டுக்கு, பாதி தெருவுக்கு. மிச்சச் சோறு ஒரு வீட்டில், படுக்கை வேறொரு திண்ணையில். தோட்டக் காவலுக்கு வளர்த்த கோம்பையையும் சிப்பிப்பாறையையும் பகலெல்லாம் சங்கிலியில் கட்டிப் போடுவார்கள். அப்போதுதான் ராத்திரி அவிழ்த்துவிட்டால் மூர்க்கமாகக் காக்குமாம். நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கும் நாய்க்குக் கடிக்கும் குணம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதன் பல் திருடனென்றும் பால்காரரென்றும் பிரித்துப் பார்க்காது.

இன்றைய நாய் நான்காவது மாடியில் வாழ்கிறது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர் என்று இனம் பார்த்து வாங்குகிறார்கள். பிறந்தநாளுக்குக் கேக்கும் வெட்டுகிறார்கள். காலை ஏழு மணிக்கு லிஃப்ட் கதவு திறக்கிறது. உள்ளே நாயோடு ஒருவர், வெளியே புத்தகப்பையோடு ஒரு குழந்தை. குழந்தை கை நீட்டுகிறது. நாய் முகத்தைத் திருப்பி உதட்டை நக்குகிறது, உடம்பு விறைக்கிறது, கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிகிறது. "பயப்படாதே பாப்பா, ஒண்ணும் பண்ணாது" என்கிறார் உரிமையாளர். நாயோ, தன்னை விட்டுவிடச் சொல்லி மூன்று முறை கேட்டாகிவிட்டது. அடுத்தது உறுமல், அதற்கும் அடுத்தது கடி. உறுமினால் அடித்து அடக்கும் வீடுகளில் நாய் உறுமாமலே கடிக்கக் கற்றுக்கொள்கிறது. வாரைச் சுருக்கிப் பிடித்து, "நீ முதல்ல போம்மா, நாங்க அப்புறம் வர்றோம்" என்று ஒதுங்கி நின்றிருந்தால் அங்கே ஒன்றும் நடந்திருக்காது.

அரசின் போக்கிலும் பெரிய மாற்றம் உண்டு. 1996 வரை சென்னை மாநகராட்சிக்குத் தெருநாயைப் பிடித்துக் கொல்வதே வழி. பிறகு கருத்தடையும் தடுப்பூசியும் வந்தன. 2001-இல் நாடு முழுவதற்கும் விதிகள் வந்தன. வளர்ப்பு நாயின் பக்கம் கவனம் திரும்பியது பிந்தித்தான். 2024 மே மாதம் ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் குதறின. அதன் பிறகே உரிமம், வெளியே கூட்டிவரும்போது கழுத்துவார், வாய்மூடி என்று மாநகராட்சி கறாரானது. 2025-இல் மைக்ரோசிப்பும், உரிமம் எடுக்காதவர்களுக்கு 5000 ரூபாய் அபராதமும் சேர்ந்தன. தன் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் காக்கத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறை என்பது 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்திலேயே இருந்தது. அப்போது அபராதம் 1000 ரூபாய் வரை. இப்போது அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் 5000 வரை.

சட்டம், நாய் கடித்த பிறகு வருவது. கடிக்கு முந்தைய வேலை வீட்டில்தான் நடக்க வேண்டும். மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் குட்டி பார்த்துப் பழகிய மனிதர்களும் சத்தங்களும்தான் அதற்குப் பிற்காலத்தில் பயம் தராதவை. குழந்தைகள், முதியவர்கள், ஹெல்மெட் போட்டவர், குக்கர் விசில் எல்லாம் அந்தப் பருவத்திலேயே அறிமுகமாக வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. சாப்பிடும் நாயையும் தூங்கும் நாயையும் தொடாதே என்று வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டும். ஊர் மாறும்போது நாயைத் தெருவில் விட்டுப் போவது, அடுத்த தெருவின் கடிக்கு விதை போடுவது.

இவ்வளவு மாறியும் ஒன்று மட்டும் அப்படியே நிற்கிறது. வளர்ப்பு நாய் கடித்துவிட்டால் ஆஸ்பத்திரிக்கு அலைபவரும் சம்பளத்தை இழப்பவரும் இன்றும் கடிபட்டவர்தான். செலவைக் கேட்டுப் போனால் வாசலிலேயே வாக்குவாதம். நாயின் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு, கடிபட்டவரைத் தன் வண்டியில் ஏற்றிப் போகிறவர்தான் நாய் வளர்க்கத் தகுதியானவர். உரிமத்தை மாநகராட்சி கொடுத்துவிடும். இந்தத் தகுதியை அது கொடுக்க முடியாது.