கடற்கரையூரில் ஒரு பாலைக்கூடு

ஆஸ்திரேலியப் பாலைநிலத்தைப் பூர்விகமாகக் கொண்ட தாடி ஓணானுக்கு, உஷ்ணத்துக்குக் குறைவில்லாத நம் புதுச்சேரி உகந்ததென்றே எண்ணத் தோன்றும். ஆனால், அடுக்களைச் சாடியில் உப்பு தானே நீர்விடும் இக்கடற்கரை ஊரில், வெப்பத்தைவிடக் காற்றின் ஈரமே அப்பிராணிக்குச் சத்துரு. ஆகவே, கூட்டின் மேற்புறத்தையும் பக்கங்களையும் கம்பிவலையால் அமைத்து, தண்ணீர்க் கிண்ணத்தைச் சிறியதாக வைத்தல் நலம்.

தன் சரீரத்தின் உஷ்ணத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத இந்த ஜீவன், காலையில் உடலைத் தட்டையாக விரித்து, நிறத்தையும் கருக்கச்செய்து வெயிலை வாங்கிக்கொள்கிறது. போதுமென்றானதும் நிழலுக்கு நகர்ந்துவிடுகிறது. அதனாலேயே கூட்டின் ஒரு முனையில் விளக்கடியில் சுமார் 40 டிகிரி செல்சியஸும், மறுமுனையில் ஏறக்குறைய 27 டிகிரியும் இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் அக்குளிர்முனையைக் காப்பாற்றுவதே, என் அபிப்பிராயத்தில், இங்கே அரிய காரியம்.

பிரெஞ்சுக்காலத்து வீட்டின் கண்ணாடி ஜன்னலோரம் கூட்டை வைத்தால் வெளிச்சம் கிடைக்குமே என்பர். வெளிச்சம் வரும், தோலில் வைட்டமின் டி3-ஐ விளைவிக்கும் ‘பி’ வகைப் புற ஊதாக் கிரணமோ கண்ணாடியைத் தாண்டுவதில்லை. அக்கிரணத்துக்கென்றே தனி விளக்கு இல்லாவிடில், உண்ட சுண்ணாம்புச்சத்து எலும்பில் சேராமல், தாடை ரப்பரைப்போல் வளையத் தொடங்கும்.